ஓட்டுநர் நன்றாகப் பேசிக்கொண்டு வருவார்

1

திருவனந்தபுரத்தில் குடியிருப்பதைப் புலம்பெயர்வு என்று சொன்னால் வீரவநல்லூரில் சிரிப்பார்கள். பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தெரு அது. நாலைந்து மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறவனுக்கு என்ன அக்கரைச் சீமைப் பெருமை என்று என் மைத்துனரே கேட்டிருக்கிறார். அவருக்கு நான் பதில் சொன்னதில்லை. விமானம் ஏறிப் போகிறவனுக்குப் போகிற இடம் வேறு நாடு என்பது முதலிலேயே தெரியும். எனக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

கரமனைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சாலைக் கடைத்தெருவில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் சரக்கறை கிளார்க். வருகிற பெட்டிகளைப் பிரித்து, காலாவதி ஆனது எது, மூடி கசிவது எது, லேபிள் கிழிந்தது எது என்று பார்த்துத் தனியே எடுத்து வைப்பது என் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கண் அப்படியே பார்க்கும். கோமதி, என் மனைவி, சட்னியைத் தட்டில் வைக்கும்போதே என் முகத்தைப் பார்ப்பாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் உமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம், கல்லூரி இங்கிலீஷ். வீட்டில் பேசுகிற தமிழ் மட்டும் எங்களுடையது. அதிலும் பாதி இந்த ஊருடையது.

"அப்பா, தம்பானூர்ல நம்ம போவோமே, அந்த வெஜிடேரியன் ஹோட்டல். அதுக்கு அஞ்சுல எத்ர ஸ்டார் கொடுக்கலாம்?"

எதற்கு என்று கேட்டேன். சாப்பிட்ட ஹோட்டல், வாங்கின மிக்சி, போன பஸ் எல்லாவற்றையும் பற்றி யார் வேண்டுமானாலும் அபிப்பிராயம் எழுதலாம்; அதற்கென்று இன்டர்நெட்டில் இடம் இருக்கிறது என்றாள். புனைபெயரில் எழுதுகிறாளாம். நூறு பேருக்கு மேல் படித்திருக்கிறார்களாம்.

"நீங்களும் பண்டு எழுதுவீங்கல்லே? அம்மை சொன்னாங்க. பின்னே எதுக்கு நிறுத்தினீங்க?"

பரண் பெட்டியிலிருந்து என் எழுத்து வந்த பழைய தாள்களை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். எழுத்துக் கூட்டி முதல் வரியைப் படிக்கப் பார்த்தாள். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கட்டி வைத்தாள்.

நேரம் இல்லாமல் போயிற்று என்று அவளிடம் சொன்னேன். அது பொய். ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்காவது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

வந்த புதிதில் கடைக்குப் போய்ச் சீனி வாங்க வேண்டும். சீனி என்றால் இவர்களுக்குப் புரியாது என்று நானாக நினைத்துக்கொண்டு, பாடப்புத்தகத் தமிழில் ஒரு கிலோ சர்க்கரை என்று கேட்டேன். கடைக்காரர் வெல்லத்தைக் கட்டிக் கொடுத்தார். இது இல்லை என்றேன். இதுதான் சர்க்கரை என்றார். அவர் சொன்னது சரி. மலையாளத்தில் அதுதான் சர்க்கரை. அன்று காப்பியை வெல்லம் போட்டுக் குடித்தோம். இன்னொரு நாள் ஹோட்டலில் குடிக்க வெந்நீர் இளஞ்சிவப்பாக வந்தது. தேநீர் டம்ளரைக் கழுவாமல் ஊற்றிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். பரிமாறுகிறவர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஏதோ பட்டை போட்டுக் காய்ச்சின தண்ணீராம், உடம்புக்கு நல்லதாம்.

இதையெல்லாம் அக்ரகாரத் தெருவில் ஹரிஹரன் என்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பகுதித் தமிழர்களுக்காக அவர் ஒரு சின்னச் சங்கம் நடத்தினார். மாதம் ஒரு தடவை நாலு பக்கம் உருட்டச்சில் போட்டுத் தருவார். கல்யாணம், காலமானவர்கள், வாடகைக்கு வீடு, இவ்வளவுதான் அதில் இருக்கும்.

"நீங்க நன்னா கொறை கண்டுபிடிக்கறேள். அதையே எழுதிக் கொடுங்கோ. புதுசா வர்றவாளுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்.

அப்படித்தான் 'வாங்கிப் பார்த்தேன்' என்று ஒரு பத்தி தொடங்கிற்று. தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். சொந்தக் காசில் வாங்க வேண்டும். ஒரு மாதமாவது பயன்படுத்திவிட்டு எழுத வேண்டும். ஹோட்டல் என்றால் மூன்று தடவை சாப்பிட வேண்டும், அதிலும் ஒரு தடவை கூட்டமான நேரத்தில். கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காக ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

குடையைப் பற்றி எழுதினேன். இங்கே ஜூன் மாதத்தில் மூன்று மடிப்புக் குடை வாங்குவது வீண், காற்றுக்கு மலர்ந்துவிடும், நீளக் குடைதான் நிற்கும். இந்த ஊர்ச் சிவப்புச் சம்பா அரிசியைப் பற்றி எழுதினேன். நம் புழுங்கலைப்போல இரண்டு கொதியில் இறக்கினால் வயிறு கல்லாகிவிடும். பொன்முடிக்கு ஒருநாள் சுற்றுலா என்று கூட்டிக்கொண்டு போன ஒரு வண்டிக்காரர் மேலே இறக்கிவிட்டு, பனிமூட்டம், ஒன்றும் தெரியாது, அரை மணியில் திரும்பலாம் என்றார், அதையும் எழுதினேன். பஸ் அங்கே குறைவு, நம்பி ஏறினவர்கள் அவர் சொல்கிறபடிதான் கேட்க வேண்டும் என்றும் சேர்த்தேன். கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஹோட்டலில் காலையில் மீந்த சாம்பாரில் மத்தியானம் வெந்நீர் விடுகிறார்கள் என்று எழுதினபோது அந்த முதலாளி ஹரிஹரன் வீட்டுக்கே வந்துவிட்டார். ஹரிஹரன் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, "எழுதினவர் பொய் எழுத மாட்டார்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம். அதைக் கேட்ட அன்று நான் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

3

அந்தச் சாம்பார் விஷயத்தை எனக்குச் சொன்னது மாரியம்மாள். அந்த ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். களக்காட்டுப் பக்கத்துக்காரி. புருஷன் செல்லத்துரை கொத்தனார். எங்கள் தெருவுக்குப் பின்னால், ஆற்றுக்கு இறங்குகிற வழியில், ஒரே அறையில் குடியிருந்தார்கள். இசக்கி என்று ஒரு பெண். உமாவைவிட நாலு வயது சின்னவள்.

செல்லத்துரைக்குப் படிக்கத் தெரியாது. மாரியம்மாள் எட்டாவது வரை படித்தவள். மாதத் தாள் வந்ததும் முதலில் என் பத்தியை எடுத்து, சமையலை நிறுத்திவிட்டு, புருஷனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாளாம். பிறகு என் வீட்டுக்கு வருவாள். பாராட்ட இல்லை.

"அண்ணாச்சி, நீங்க எழுதின சோப்ப வாங்கினேன். நுரையே வரல. உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிக்கு நுரைக்கும். எங்களுக்கு கார்ப்பரேஷன் குழாய்லா. அதையும் எழுதணும்லா?"

"அடுத்த மாசம் எழுதுகிறேன்."

"எழுதுங்க. நாலு பேர் வாங்கித் தொலச்சுறப்போறாங்க."

அடுத்த மாதம் எழுதினேன். இன்னொரு தடவை, ஹோட்டல் இட்லியைப் பற்றி நான் மூன்று வரி எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டாள். "மெத்துன்னு இருக்குன்னு எழுதியிருக்கிய. அது சோடா உப்பு. நாந்தான அங்க நிக்கேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா." அதற்குப் பிறகு உணவைப் பற்றி எதையும் அவளிடம் கேட்காமல் எழுதினதில்லை. இரண்டு வருஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது: நான் எழுதுவது சங்கத்து நூற்றிருபது வீட்டுக்கும் இல்லை. மாரியம்மாள் என்ன குறை சொல்வாள் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வரியையும் எழுதினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் என்னிடம் குறை சொல்லவில்லை.

4

ஊருக்குப் போவதென்றால் அப்போது எங்களுக்கு அரசாங்க பஸ்தான். தம்பானூரில் ஏறி நாகர்கோவிலில் மாற வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் நிற்கவே இடம் இருக்காது. பண்டிகை நாளில் குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்து சீட்டுப் பிடிப்பார்கள்.

அந்தச் சமயத்தில் ஒருவர் வேன் விட்டார். பன்னிரண்டு பேர் உட்காரலாம். சனிக்கிழமை மத்தியானம் கரமனையில் ஏற்றி நேராகத் திருநெல்வேலி. ஞாயிறு சாயங்காலம் திரும்பி வரும். நான் ஒரு சனிக்கிழமை ஏறினேன். ஓட்டுநர் பக்கத்து சீட்டுதான் மிச்சம் இருந்தது.

ஓட்டுநர் பெயர் தங்கராஜ். பணகுடிக்காரர். முப்பது வயது இருக்கலாம். நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "வீரவநல்லூரா? எங்க பெரியம்மைய அங்கனதான் கட்டிக் கொடுத்திருக்கு" என்றார். அதோடு பேச்சு தொடங்கிவிட்டது.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் சொன்னார்: "அண்ணாச்சி, ஏதாவது பேசிக்கிட்டே வாங்க. பேச்சுச் சத்தம் இருந்தாத்தான் எனக்கு வண்டி ஓடும்."

பேசினேன். மலையாளத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டு பேசிப் பேசி எனக்கு நாக்கு சலித்திருந்தது. சாலைக் கடைத்தெருவில் நான் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யாராவது ஒருவர் 'எந்தா?' என்று கேட்பார். இங்கே ஒருவன் நான் சொல்வதற்கு முன்னாலேயே புரிந்துகொண்டு சிரிக்கிறான். ஆழ்வார்குறிச்சித் தேர், அம்பாசமுத்திரத்துப் பால் கடை, வாத்தியார் அடித்த அடி என்று நான் பேசிக்கொண்டே வந்தேன்.

மார்த்தாண்டத்தில் தேநீருக்கு நிறுத்தினார். குழாயடியில் தலையைக் குனிந்து பின்கழுத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். மூன்று தடவை. கண் செக்கச் செவேலென்று இருந்தது.

"என்ன தங்கராஜ், உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. வாரத்துல மூணு நாள் விழிஞ்ஞத்துல இருந்து மீன் லோடு ஏத்திட்டுப் போவேன். அதே முதலாளி வண்டிதான். நேத்தும் போயிட்டுக் காலைலதான் வந்தேன். படுக்க நேரம் கிடைக்கல." வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுப் புதிதாகப் புகையிலையை ஒதுக்கிக்கொண்டார். "நாகர்கோவில் தாண்டிட்டா காத்து அடிக்கும். பிறகு ஒண்ணும் தெரியாது."

தக்கலைக்கு முன்னால் ஒரு இடத்தில் நான் பேச்சை நிறுத்தி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கொஞ்சம் இடதுபக்கம் போயிற்று. "பேசுங்க அண்ணாச்சி" என்றார். பேசினேன். ஆரல்வாய்மொழியில் நிஜமாகவே காற்று அடித்தது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே திருநெல்வேலியில் இறக்கிவிட்டார். இறங்கும்போது என் பையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

5

திரும்பி வந்து எழுதினேன். ஒரு தடவைதான் போயிருந்தேன். என்னுடைய விதிப்படி அது போதாது. ஆனால் அந்த மாதம் வேறு சரக்கு இல்லை. அதைவிட, அந்த வேனைப் பற்றி எழுத எனக்கு ஆசையாக இருந்தது.

வண்டி சுத்தம், நேரம் தவறுவதில்லை, இடையில் ஆள் ஏற்றுவதில்லை, மார்த்தாண்டத்தில் தேநீருக்கு நிறுத்துகிறார்கள் என்று எழுதினேன். கடைசியில், "முன் சீட்டுக் கிடைத்தால் விடாதீர்கள். ஓட்டுநர் நம் பக்கத்துக்காரர். வழியெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டு வருவார்" என்று முடித்தேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. மீன் லோடைப் பற்றி ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று பிற்பாடு பலவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். எழுதினால் முதலாளி தங்கராஜை வேலையிலிருந்து எடுத்துவிடுவார் என்று பயந்தேன். அது உண்மைதான். ஆனால் மூன்றாவது தடவை சாப்பிடாமல் இட்லியைப் பற்றி எழுதாதவன், சாம்பாரில் வெந்நீர் விட்டவரின் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாதவன், இந்த ஒருவனுக்கு மட்டும் ஏன் பயந்தேன்? எனக்கு அவனைப் பிடித்திருந்தது. நாலு மணி நேரம் என்னோடு என் பேச்சில் பேசினான். அவ்வளவுதான் காரணம்.

இரண்டு மாதம் கழித்துக் களக்காட்டில் கோயில் கொடை விழா. மாரியம்மாள், செல்லத்துரை, இசக்கி மூன்று பேரும் வேனில் போனார்கள். போவதற்கு முதல் நாள் வந்திருந்தாள். "இந்தத் தடவ பஸ்ல இடிபட மாட்டேன் அண்ணாச்சி. உங்க வேன்லதான்" என்றாள். உங்க வேன் என்றுதான் சொன்னாள்.

தக்கலை தாண்டி மணல் லாரி ஒன்று ரோட்டோரமாக நின்றிருந்தது. வேன் அதன் பின்பக்கம் மோதிற்று. பட்டப்பகல், மூன்று மணி. லாரிக்காரன் சிவப்புத் துணி கட்டவில்லை, கல் வைக்கவில்லை, பாதி ரோட்டை அடைத்து நிறுத்தியிருந்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது. தங்கராஜும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரியம்மாளும் அங்கேயே போய்விட்டார்கள். இசக்கிக்குத் தொடை எலும்பு முறிந்தது. அப்போது அவளுக்குப் பத்து வயது.

மறுநாள் காலையில் செய்தி கேட்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்லத்துரை நெற்றியில் கட்டோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ எங்ககூட பின்னாடிதான் இருந்தா அண்ணாச்சி. முன்னாடி சீட்டு ஒண்ணு காலியா இருக்குன்னதும் எந்திச்சுப் போனா. நீங்க எழுதியிருந்தியள்லா, டிரைவர் நல்லா பேசுவார்னு. அந்த ஆளு ஒரு வார்த்தை பேசல. இவதான் ஊரக் கேட்டா, பேரக் கேட்டா. ம்னுகூடச் சொல்லல. அப்புறம் இவளும் சும்மா இருந்துட்டா."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அவர் கையை விட்டுவிடலாமா என்று எனக்கு இருந்தது. விடவில்லை.

அடுத்த மாதம் ஹரிஹரன் பத்தி கேட்டார். நேரமில்லை என்றேன். அதற்கடுத்த மாதமும் கேட்டார். பிறகு விட்டுவிட்டார்.

6

ரேஷன் கார்டில் மாரியம்மாள் பெயரை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கார்டைப் புதுப்பிக்க முடியாது. செல்லத்துரை என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். இறந்தது தமிழ்நாட்டில், சர்ட்டிபிகேட் தமிழில். சப்ளை ஆபீசில் இருந்த ஒரு அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தமிழல்லே. ஞான் எங்ஙனெ வாயிக்கும்? மலையாளத்தில் எழுதி, அட்டெஸ்ட் செய்து கொண்டு வரணும்."

நான் மலையாளத்தில் எழுதினேன். மருந்துக் கடை பில்களை எழுதிப் பழகின கை. எழுத்து நன்றாகவே இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி முதல் நாள் லீவு. இரண்டாம் நாள், தமிழ் தெரியாமல் இது சரியான மொழிபெயர்ப்பு என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழும் மலையாளமும் தெரிந்த ஒரு அரசு ஊழியரைத் தேடி வேறொரு ஆபீசுக்குப் போனோம். மூன்றாவது நாள் மறுபடி அந்த அம்மாளிடம் வந்தோம். அவர் எல்லாவற்றையும் சரிபார்த்து, கார்டில் இரண்டாவது வரியை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடித்தார்.

வெளியே வந்ததும் செல்லத்துரை கார்டைப் பிரித்து அந்த வரியைப் பார்த்தார். "இதுல அவ பேரு எங்க இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். அடித்த கோட்டுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவருடைய எல்லாக் காகிதங்களையும் நான்தான் பார்த்தேன். இசக்கியின் பள்ளிக்கூட விண்ணப்பம், காலுக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்ய ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம். செல்லத்துரை தெருவில் நாலு பேரிடம் என்னைப்போல ஒரு மனுஷன் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விளக்குமாறு வாங்குவதென்றாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். கோமதி, "உங்களக் கேக்காம அவரு தும்மக்கூட மாட்டாரு" என்பாள். பத்து வருஷம் இப்படிப் போயிற்று.

7

உமா அந்த ஸ்டார் கேள்வி கேட்டு இரண்டு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லத்துரை வந்தார். இப்போது அவர் மேஸ்திரி. எட்டுப் பேர் அவருக்குக் கீழே வேலை செய்கிறார்கள். இசக்கிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வள்ளியூரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். காலைப் பற்றி எல்லாம் சொல்லித்தான் பேசியிருக்கிறது. கல்யாணம் வள்ளியூரில்.

கோமதி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இங்க இருந்து முப்பது பேரக் கூட்டிட்டுப் போணும் அண்ணாச்சி. ரெண்டு டிராவல்ஸ்ல விசாரிச்சு வச்சிருக்கேன். எனக்கு வண்டின்னாலே நெஞ்சு அடிக்குது. நீங்க ஒரு தடவ போயி வண்டியையும் டிரைவரையும் பாத்துட்டு எது நல்லதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா மதி, அது போதும். பிறகு நான் ஒண்ணும் யோசிக்க மாட்டேன்."

அவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டார்.

"செல்லத்துரை, அந்த டிரைவர் தூங்காமல்தான் வண்டி ஓட்டுகிறான் என்று எனக்குத் தெரியும்" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. இப்போது பார்த்து வைத்திருக்கிற டிரைவரைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"எந்த டிரைவரு?"

"தங்கராஜ்."

விழிஞ்ஞத்து மீன் லோடு, மார்த்தாண்டத்தில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டது, பேசிக்கொண்டே வாங்க என்று கேட்டது, வண்டி ஒதுங்கினது எல்லாவற்றையும் சொன்னேன். அடித்த வரியையும் சொன்னேன். அன்று லாரி நின்ற விதமும் தப்பாக இருந்திருக்கலாம், எனக்கு அது தெரியாது என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

செல்லத்துரை டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க எழுதறதுக்கு முந்தியே தெரியுமா?"

"முந்தியே தெரியும்."

"அவ படிச்சிக் காட்டும்போது ஒரு வரி விடமாட்டா" என்றார். சத்தம் போடவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். "வாசிச்ச வரியவே திருப்பி வாசிப்பா. நீங்க எழுதியிருந்தா போயிருக்க மாட்டா. என்னையும் பிள்ளையையும் ஏற விட்டிருக்க மாட்டா."

"ஆமாம்."

"பத்து வருஷமா நான் அந்த லாரிக்காரனத் திட்டிக்கிட்டு இருக்கேன். பேரு தெரியாத ஒருத்தன. காலைல எந்திச்சதும் அவனத் திட்டிட்டுத்தான் பல் தேய்ப்பேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை லேசாகத் தூக்கி வேண்டாம் என்று காட்டினார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, "மைனி, வாறேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

தேநீர் டம்ளரில் முக்கால்வாசி இருந்தது. கோமதி அதை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். இத்தனை வருஷம் அவளிடமும் இதை நான் சொன்னதில்லை.

"இப்ப எதுக்குச் சொன்னிய?"

"வண்டி பார்க்கச் சொன்னாரே."

"பாத்துட்டு வந்து சொல்லியிருக்கலாம்லா. அவருக்கு நிம்மதின்னு இருந்தது அந்த லாரிக்காரன் ஒருத்தன்தான். பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்க நேரத்துல அதையும் பிடுங்கிட்டு விட்டாச்சு. உங்களுக்கு பாரம் இறங்கிருச்சு."

இறங்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. செல்லத்துரைக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் உமா வந்தாள். கோமதி நடந்ததை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "நான் எழுதறதுல தப்பு இருந்தா பிறகு திருத்தலாம் அப்பா. எப்ப வேணும்னாலும் திருத்தலாம்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் சரி என்றேன்.

8

அதற்குப் பிறகு செல்லத்துரை வரவில்லை. பாலத்தருகே ஒரு தடவை எதிரே பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போனார். வண்டி ஏற்பாடு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலில் வந்தது. அவர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் நாலு நிமிஷம். பக்கத்து வீட்டுக்குச் செல்லத்துரை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு மட்டும் உறை. மேலே என் பெயரும் விலாசமும் மலையாளத்தில், இசக்கியின் கையெழுத்தில். தமிழ் அவளுக்கும் எழுத வராது. அவளை எழுதச் சொல்லித் தானே கொண்டுபோய் ஸ்டாம்பு ஒட்டிப் போட்டிருப்பார்.

"போகணுமா?" என்று கோமதி கேட்டாள்.

"கூப்பிடாமல் விட்டிருக்கலாம். கூப்பிட்டிருக்கிறார்" என்றேன்.

கோமதிக்கு உடம்பு சரியில்லை. நான் மட்டும் போன வாரம் அதிகாலைப் பஸ்ஸில் போய் நாகர்கோவிலில் மாறி வள்ளியூரில் இறங்கினேன். செல்லத்துரை வீட்டாரும் பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள் என்று மண்டபத்தில் தெரிந்தது. முதல் நாளே இரண்டு கூட்டமாகப் பிரிந்து, பாத்திரம் பண்டம் மூட்டையோடு, நின்றுகொண்டே வந்தார்களாம். ஒரு பெரியவர் காலைத் தேய்த்துக்கொண்டே எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்து மணமக்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். இசக்கி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மாமா, அத்தை வரலியா?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, செல்லத்துரை சொல்லியிருக்கவில்லை. மாப்பிள்ளை சட்டென்று குனிந்துவிட்டான். அவளால் அப்படிக் குனிய முடியாது. வலதுகாலைப் பக்கவாட்டில் நீட்டி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெதுவாகத்தான் குனிய வேண்டும். வேண்டாம் அம்மா என்று சொல்லித் தடுத்தேன். அவள் கேட்கவில்லை. முழுக்கக் குனிந்து என் காலைத் தொட்டாள். எழுந்திருக்க அவளுக்கு நேரம் ஆயிற்று. நான் கை கொடுத்துத் தூக்கினேன். அவளுடைய அம்மாவின் சாயல் நெற்றியில் மட்டும் இருந்தது.

செல்லத்துரை தூண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி யாருக்கோ பாய் எடுத்துப் போடச் சொன்னார்.

பந்தியில் உட்கார்ந்தேன். யார் என்ன பரிமாறினார்கள் என்று எனக்கு நினைவில்லை. வெளியே வரும்போது அவர் வாசலில் நின்றிருந்தார். புது வேட்டி, கரை மடிப்புக் கலையாமல் இருந்தது. விருந்தாளிகள் ஒவ்வொருவரையும் இரண்டு கையும் கூப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோதும் கூப்பினார்.

"சாப்பிட்டீங்களா சார்?" என்றார்.

அத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு தடவைகூட அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. சாப்பிட்டேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்துக் கை கூப்பினார்.